புடவையை யார் பிழியறாங்க?

அந்த சிஸ்டர் எந்த நோயாளியிடமும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. முதல் நாள் என் அம்மாவிடம் அவர் கேட்டது, "துவைச்ச புடவையை யார் பிழியறாங்க?" என்று.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எதற்கு இதைக் கேட்கிறார் என்று எனக்கும் புரியவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய் வார்டின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை. நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு அந்த வால்வை அகலப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர். இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கு அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. "வயசுதான் யோசனையா இருக்கு. எங்க வார்டு சிஸ்டர் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று அனுப்பியிருந்தார்.

"நான்தான் பிழியறேன்" என்றாள் அம்மா.

"முழுசாவா? இல்ல, பாதி பிழிஞ்சிட்டு அப்படியே கொடியில போட்டுடறீங்களா?"

ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக் கொடிக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. தினமும் துடைப்பத்தால் அதைத் தள்ளிவிட்டவள் நான்தான். ஏன் சொட்டுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"தலை யார் வாரிவிடறது?"

"நானேதான்."

"பின்னலா?"

"கொண்டை."

"எப்பலேருந்து கொண்டை?"

அம்மா தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னல் போட முடியாமல்தான் அவள் கொண்டைக்கு மாறினாள் என்பது அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தேழு வயதில், பள்ளிக்கூடத்தில் நாற்பது பெண்களின் முகத்தைப் பார்த்தே யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிற டீச்சர் நான்.

அந்த சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அங்கே எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஐம்பது வயது இருக்கும். குள்ளம். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, சென்னைக்கு வந்து பாதி தேய்ந்திருந்தது. கக்கத்தில் எப்போதும் கறுப்புக் குடை. வயதானவர்கள் ஆபரேஷனுக்கு வந்தால், ஸ்டூலில் உட்காரவைத்துக் கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வார். தன் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். தண்ணீர் நிறைந்த கூஜாவைத் தூக்கி அடுத்த மேஜையில் வைக்கச் சொல்வார். வராந்தாக் கோடிவரை அவர்களோடு பேசிக்கொண்டே நடப்பார். நடுவில் பேச்சு நின்றால் அவரும் நின்றுவிடுவார். நடக்க மூச்சு போதாமல் பேச்சை நிறுத்தியவர்களை மனதில் குறித்துவைத்துக்கொள்வார். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று தெரியாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பையும் எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டுக் கடைசியில் இவரைத்தான் கேட்பார்: "என்ன சிஸ்டர், தாங்குவாங்களா?"

அதற்கு அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. "தாங்கும்." இல்லையென்றால், "வேண்டாம்."

வேண்டாம் என்றால் அதை அவரே போய்ச் சொல்வார். டாக்டர் சொல்லிவிட்டார், மெடிக்கல் போர்டில் முடிவு செய்துவிட்டார்கள் என்றெல்லாம் ஒதுங்கிக்கொள்வதில்லை. "நான்தான் வேண்டாம்னேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதனால் பலபேர் அவரைத் திட்டினார்கள்.

பல்லாவரத்து லாரி மெக்கானிக் ஒருவர் வராந்தாவில் வைத்துச் சத்தம் போட்டதை நானே பார்த்தேன். அம்மா எக்ஸ்ரே அறைக்குள் இருந்தாள். அந்த ஆளின் கைகளில் கிரீஸ் காயவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும்.

"இன்னா சிஸ்டரு, எங்க நைனாவ வேணாம்னு நீதான் சொன்னியாமே? நீ இன்னா டாக்டரா?"

"இல்ல. நர்ஸ்."

"அப்பால எப்டி சொல்லுவ?"

"ஸ்டூல்லேருந்து எந்திரிக்க என் தோளைப் புடிச்சாரு. ரெண்டாம் தடவை எந்திரிக்கவே முடியல. நெஞ்சைத் தொறந்து மூடினா அடுத்த நாளே எந்திரிச்சு உக்காரணும். இருமிச் சளியை வெளிய துப்பணும். அதுக்கே தெம்பு இல்ல அவருக்கு."

"அப்ப சாவட்டும்னு வுட்டுடுவியா?"

"விடமாட்டேன். வீடு எங்க?"

அவருக்குப் புரியவில்லை. "வூடா?"

"ஆமா. பல்லாவரத்துல எந்தப் பக்கம்?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சிஸ்டர் தான் வேண்டாமென்று சொன்னவர்களின் வீடுகளுக்குப் போவார் என்று வார்டு ஆயா என்னிடம் சொன்னாள். பல்லாவரம், சேலையூர், குன்றத்தூர் என்று பஸ்ஸிலும் நடந்தும் போவாராம். போய்த் தலையணையை உயர்த்தி வைப்பது, நகம் வெட்டிவிடுவது, கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பது. கடைசிவரைக்கும் போவாராம். "ஆப்ரேசன் பண்ணிக்கினவங்க வூட்டுக்குப் போமாட்டாங்க டீச்சர். வோணாம்னு சொன்னவங்க வூட்டுக்குத்தான்" என்றாள் ஆயா. ஒரு வீட்டு வாசலில் அந்தக் குடை தெரிகிறது என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன அர்த்தம்?

அம்மாவைப் பரிசோதித்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். "இப்ப வேண்டாம் டீச்சர்" என்றார். "உடம்புல சதையே இல்ல. தினம் ஒரு முட்டை, பருப்பு, பால். உப்பு மட்டும் கூடாது. முடிஞ்ச அளவு நடக்கட்டும். மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நான் அந்த 'இப்ப' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மூன்று மாதங்களில் அம்மாவுக்கு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அப்பா இறந்தபிறகு சிட்லபாக்கத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அம்மாவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லி எண்ணுவேன். மாலையில் ஏரிக்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போவேன். இரண்டாவது விளக்குக் கம்பத்துக்கு மேல் அவளால் முடியாது. உதடு நீலம் பாய்ந்துவிடும்.

"போதும் பாப்பா."

"இன்னும் ஒரு கம்பம்மா. ஒண்ணே ஒண்ணு."

"மூச்சு முட்டுது."

"சிஸ்டர் முன்னாடி இப்படி நின்னா என்னம்மா சொல்லுவாங்க? நட."

நடந்தாள். ஒரு நாள் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தேற்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது மாசம் கால் வீக்கம் கூடியது. படுத்தால் மூச்சு வரவில்லை. நான்கு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே கிடந்தாள். இனி சிஸ்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான், மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஆயா சொன்னாள், சிஸ்டர் இரண்டு வாரம் லீவில் ஊருக்குப் போகிறார் என்று.

நீர் பிரிவதற்கு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். நான் மூன்று நாட்கள் இரண்டு மாத்திரையாகக் கொடுத்தேன். வீக்கம் வடிந்தது. முகம் தெளிந்த மாதிரி இருந்தது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். சொல்லாதே என்றேன். நான்காம் நாள் டாக்சி வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா ஸ்டூலிலிருந்து மூன்று தடவை எழுந்தாள். வராந்தாவில் பாதி தூரம் நடந்தாள். "பரவாயில்லையே, நல்லா தேறியிருக்காங்க" என்றார் டாக்டர். உடனே அட்மிட் செய்துகொண்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் குன்றத்தூரிலிருந்து வந்த பூக்காரம்மா ஒருத்தி. நாற்பத்தைந்து வயதுதான். லீவில் போவதற்கு முன்னால் சிஸ்டர் அவளுக்குத் தாங்கும் என்று சொல்லியிருந்தார். உடம்பு தேறியதும் முருகன் கோயில் மலையை நிற்காமல் ஏறப்போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அம்மா கிறிஸ்தவள், ஆனாலும் எத்தனை படி என்று கேட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை பூக்காரம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. சாயங்காலம் அவள் தங்கை வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த சீப்பையும் சோப்பு டப்பாவையும் எடுத்துப்போனாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பயமா இருக்காம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று எனக்கே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சிஸ்டர் திரும்பி வந்தார். முதலில் அந்தக் காலிக் கட்டிலின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு என்னை வெளியே போகச் சொன்னார். அரை மணி நேரம் அம்மாவோடு உள்ளே இருந்தார்.

வெளியே வந்ததும் டாக்டரின் அறைக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நாளைக்கு இல்ல டீச்சர். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"டாக்டரே சரின்னுட்டார்!"

"நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஒரு படுக்கை கிடைக்காம எத்தனை பேர் நிக்கறாங்க, தெரியுமா? இதை விட்டா எங்கம்மாவுக்கு வேற வழி இல்ல சிஸ்டர்."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு? அந்தப் பூக்காரம்மாவுக்குத் தாங்கும்னு சொன்னீங்களே. செத்துப்போயிட்டாங்களே! எங்கம்மாவுக்கு வேண்டாம்ங்கறீங்க. உங்களுக்கு என்னதான் தெரியும்?"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஆடி நின்றது. நான் அங்கேயே அவர் காலில் விழுந்தேன். ஒரு டீச்சர், சர்ச்சில் கொயரில் பாடுகிறவள், அத்தனை பேர் முன்னால் அவருடைய வெள்ளை ஷூவைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லுங்க சிஸ்டர், உங்க காலைக் கும்பிடறேன்" என்று கதறினேன். அவர் குனிந்து என் இரண்டு கைகளையும் பிரித்தார். அப்போது என் காதருகில், "எந்திரிங்க. நான்தான் வேண்டாம்னேன். என்னையே திட்டுங்க" என்றார்.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் கேட்டுக்கு வெளியே அந்தக் கறுப்புக் குடை நின்றது.

"இங்க வராதீங்க" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல், மூச்சு வாங்கி, விட்டுவிட்டு வந்தது. "பாப்பா... அவங்கள... உள்ள விடு."

விட்டேன். ஆனால் அவர் இருந்த நேரமெல்லாம் நான் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஞாயிறு தவறாமல் வந்தார். மழையிலும் வந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார், சேற்றுக் காலைக் குழாயடியில் கழுவிக்கொண்டு உள்ளே போவார். அம்மாவின் தலையை வாரிப் பின்னல் போட்டுவிடுவார். ஒரு தடவை ஜெபம் பண்ணச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள். "நீங்க பண்ணுங்க, நான் ஆமென் சொல்றேன்" என்றாராம். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் ஒரு நாள் தெருவரைக்கும் கேட்டது. என்னோடு அம்மா சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்ததுபோன்ற வெறுப்பை, அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் யார் மேலும் கொண்டதில்லை.

அம்மா அடுத்த கோடைவரை இருந்தாள். நல்ல சாவு என்று சொல்லமாட்டேன். மூச்சுக்கு அலைந்தாள். ஜன்னலைத் திற, இன்னும் திற என்பாள். அதற்குமேல் திறக்க ஜன்னல் இருக்காது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், மத்தியானம், நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்பூனைக் கையால் தடுத்தாள்.

"அந்த சிஸ்டர் மேல கோபப்படாத."

"சாப்பிடும்மா."

"நான்தாண்டி சொன்னேன்."

"என்ன?"

"எனக்கு வேண்டாம்னு. அன்னிக்கித் திரைக்குள்ள... அவங்க கேட்டாங்க. உங்களுக்கு இந்த ஆபரேஷன் வேணுமான்னு. அதுவரைக்கும் யாருமே என்னைக் கேக்கல." மூச்சு வாங்க நிறுத்தினாள். "எனக்குப் பயமா இருந்துச்சு பாப்பா. அந்தப் பூக்காரம்மா போனதும்... ரொம்ப பயமா இருந்துச்சு. நீ ரெண்டு மாத்திரை குடுத்ததையும் சொல்லிட்டேன்."

ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டேன். "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ அவ்வளவு பாடுபட்டே. எப்படிச் சொல்ல? அதான்... நீங்க சொன்னதா இருக்கட்டும்னு அவங்களைக் கெஞ்சினேன்."

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு சிஸ்டர் வந்தார், கூட்டத்தின் கடைசியில் நின்றார். நான் அவரிடம் பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு அல்லாத ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும், கேட்டைத் திறந்துகொண்டு அவரே வந்தார். யூனிஃபார்ம் புடவையில் இருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கட்டிலை இன்னும் மடக்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றேன்.

தலையை மட்டும் அசைத்தார்.

"இத்தனை மாசமா நீங்க வந்தப்பெல்லாம் ஏரிக்கரைக்குப் போய் உக்காந்துக்கிட்டேனே சிஸ்டர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவங்க சொல்லாதீங்கன்னாங்க."

எனக்குக் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. அதைக் கேட்காமல் என்னால் தூங்க முடியாது. "அம்மா வேணும்னு சொல்லியிருந்தா? நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்களா? பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

அவர் குடையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறேன்" என்றார். பிறகு, "பொழைச்சிருப்பாங்களான்னா... தெரியல டீச்சர். எனக்கு ஒருத்தர் விஷயத்துலகூடத் தெரியாது. எந்திரிக்கச் சொல்றேன், நடக்கச் சொல்றேன், கையைப் புடிக்கச் சொல்றேன். அதுக்கு மேல என்ன தெரியும்? பூக்காரம்மா அவ்வளவு நல்லா நடந்தாங்க."

குடையின் கைப்பிடியைச் சுற்றியிருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. அப்போதுதான் கவனித்தேன், அவர் என்னைத் தேற்ற வந்தவர் மாதிரி இல்லை.

"இன்னிக்குக் காலையில ஒரு அம்மாவை உள்ள அனுப்பியிருக்கேன்" என்றார். "அறுபது வயசு. நான்தான் தாங்கும்னேன். பூக்காரம்மாவுக்கு அப்புறம் வயசானவங்க யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்ல. வார்டுல இருக்க முடியல. வேற எங்க போறதுன்னும் தெரியல. கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?"

காபி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் நான்கரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். நான்கரைக்கு எழுந்து, "இப்ப முடிஞ்சிருக்கும். போன் எங்க இருக்கு?" என்றார். ஸ்டேஷன் ரோட்டில் மெடிக்கல் ஷாப்பில் இருந்தது. நானும் கூடப் போனேன்.

ரிசீவரை எடுத்தார். நம்பரைச் சுழற்ற விரல் நிலைக்கவில்லை. என்னிடம் நீட்டி, நம்பரைச் சொன்னார். "நீங்க பேசுங்க டீச்சர்."

வார்டில் யாரோ எடுத்தார்கள். காலையில் ஆபரேஷனுக்குப் போன அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். "லைன்ல இருங்க, பார்த்துட்டு வரேன்" என்று ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ நடக்கிற சத்தம். தூரத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது. சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வலித்தது. நான் கையை எடுக்கவில்லை. எங்கம்மாவைப் பற்றிய செய்திக்குத்தான் காத்திருக்கிறேன் என்று ஒரு கணம் எனக்கே தோன்றிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவளுக்காகக் காத்திருக்க எனக்குக் கிடைக்காத நேரம் அது.

காலடிகள் திரும்பி வந்தன. "வெளிய கொண்டுவந்துட்டாங்க. மூச்சு விடறாங்க."

"மூச்சு விடறாங்களாம்" என்றேன்.

அவர் என் கையை விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எந்திரிச்சு உக்காரணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, வெயிலில், என்னிடம் சொல்லிக்கொள்ளாமலேயே வேகவேகமாக ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

நான் ரிசீவரை இன்னும் கையில் வைத்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"யாருக்கு டீச்சர் ஆபரேஷன்? சொந்தமா?"

பெயர்கூடத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.